மேட்டு லயத்தின் கற்காலம்

மனித குலம் எப்படிப் படிப்படியாக முன்னேறியது என்பதை எனக்குச் சொல்லித்தந்தவர், தன் பூட்ஸைத் தானே கழற்றிக்கொள்ளத் தெரியாத மனிதர். எங்கள் ரப்பர் தோட்டத்துச் சின்னத்துரை, அதாவது வெள்ளைக்கார உதவி மானேஜர். வயது முப்பதுக்குள். மலாயாவில், குளுவாங்கிலிருந்து காஹாங் போகும் சாலையில், ரப்பர் மரங்களைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாத இடத்தில் உத்தியோகம் வாய்த்துவிட்ட துக்கத்தை ஆற்றிக்கொள்ள அவர் ஆதிமனிதனைப் பிடித்துக்கொண்டார். மற்ற துரைமார் விஸ்கியைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வகையினரையும் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். விஸ்கியால் எங்களுக்கு வந்த தொல்லை குறைவு.

ரப்பர் விலை விழுந்து, ஆட்களைக் கூட்டங்கூட்டமாகக் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த வருடங்கள் அவை. நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நுண்ணோக்கி பார்ப்பவளாக இருந்தேன். சிங்கப்பூரில் இரண்டு வருடம் அதற்கென்று பயிற்சி பெற்று வந்தவள். வேலை இதுதான்: ஆட்களின் விரலைக் குத்தி, ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசி, சாயமேற்றி, மலேரியாக் கிருமி இருக்கிறதா என்று பார்த்துப் பட்டியலில் குறிப்பது. அதனால் நர்சும் இல்லை, டாக்டரும் இல்லை. ஆனாலும் எல்லோருக்கும் நான் ‘மிஸ்ஸி’. எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. எதைப் பார்த்தாலும் இலக்கமிட்டு எழுதிவைக்கும் பழக்கம் இருந்தது. அந்தப் பழக்கத்தைச் சின்னத்துரை கவனித்துவிட்டார். அதுதான் ஆரம்பம்.

முதலில் பிரசங்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலில், ரப்பர் ஸ்டோரின் சன்னல்களில் கோணிச் சாக்குகளைத் தொங்கவிட்டு இருட்டாக்கினார்கள். கண்ணாடிப் படங்களை வெள்ளைத் துணியில் பெரிதாக விழவைக்கும் விளக்குப் பெட்டி ஒன்று துரையிடம் இருந்தது. லயம் என்கிற வரிசை வீடுகளிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் காய்ந்த ரப்பர் ஒட்டுப்பால் நாற்றம். துரை இங்கிலீஷில் பேச, ஆபீஸ் கணக்கரான பெரிய கிராணியார் தமிழில் சொன்னார். துரைக்கும் தமிழ் வரும். ஆனால் அவருடைய தமிழில் ‘வா’, ‘போ’, ‘எடு’, ‘வெட்டு’ ஆகியவைதான் இருந்தன. அவற்றை வைத்துக்கொண்டு நாகரிகத்தின் வரலாற்றைச் சொல்ல முடியாது என்று அவருக்கே தெரிந்திருந்தது.

“ஆதி காலத்துல மனுசன் குகையில இருந்தான்,” என்றார் கிராணியார். “மழைக்கு ஒதுங்குறதுக்கு அதுதான் வீடு.”

ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல்: “ஒழுகுமா கிராணியாரே?”

“கல்லுக் குகை எப்படிய்யா ஒழுகும்?”

“அப்ப நம்ம லயத்துக்கு அது முந்தியா, பிந்தியா?”

ஸ்டோரே சிரித்தது. துரை என்ன என்று கேட்டார். ஆட்கள் ஆச்சரியப்படுகிறார்கள் என்று கிராணியார் மொழிபெயர்த்தார். துரை திருப்தியடைந்து அடுத்த கண்ணாடியைச் செருகினார்.

நான் என் நோட்டில் படிகளை எழுதிக்கொண்டேன். ஒன்று, நெருப்பு. இரண்டு, உடைத்துக் கூராக்கிய கல். மூன்று, தேய்த்து வழவழப்பாக்கிய கல். விதைப்பு, ஆடுமாடு, மண்பானை, ஓரிடத்தில் தங்குதல். நான்கு, இறந்தவரைப் பொருள்களோடு புதைப்பது. ஐந்து, செம்பு, அப்புறம் வெண்கலம். ஆறு, ஆற்றங்கரை நகரம், அரசன், எழுத்து. எழுத்துக்குக் கிடைத்த முதல் வேலை பாட்டு எழுதுவதோ கடிதம் எழுதுவதோ இல்லையாம். களிமண் பலகையில் பட்டியல் போடுவதாம். அவர் சொன்னவற்றில் அது ஒன்றுக்குத்தான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

மூன்றாம் படிக்கு ஒரு படம் காட்டினார். எகிப்திலோ எங்கோ கிடைத்த பொம்மை. ஒரு பெண் மண்டியிட்டுச் சாய்வான கல்லில் தானியம் அரைக்கிறாள்.

பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த பால்வெட்டுக்காரி வாயைத் திறந்தாள். ஐந்தாம் வயலில் ரப்பர் மரம் சீவுகிறவள். முப்பத்து நான்கு முப்பத்தைந்து வயது. அவள் பேசினால் கங்காணியே சற்று நின்று கேட்டுவிட்டுத்தான் திட்டுவார். “யாரு இது, நான் காலையில மொளகா அரைச்சத ஒளிஞ்சிருந்து படம் புடிச்சது?” என்றாள்.

“ஒன் மூஞ்சிய யாரு புடிப்பா? பொட்டி வெடிச்சிரும்,” என்றார் பின்னாலிருந்து யாரோ.

கிராணியார் அதட்டிவிட்டு, அரைக்கும் கல்லைக் கண்டுபிடித்தது பெரும்பாலும் பெண்களாகத்தான் இருக்கும், அது மனித குலத்தின் மிகப் பெரிய ஏற்றம் என்று துரை சொல்வதாகச் சொன்னார்.

“அப்படியா? கண்டுபிடிச்சவ இன்னும் அரைச்சிக்கிட்டே இருக்கா. கண்டுபிடிக்காதவன் படம் காட்டுறான்,” என்றாள் அவள்.

இதைக் கிராணியார் மொழிபெயர்க்கவில்லை.

பிரசங்கம் முடிந்த இரண்டாவது வாரம், மலேரியாவுக்காகத் தண்ணீர் தேங்காமலிருக்க மேட்டில் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்தவர்களின் மண்வெட்டி ஒரு கல்லில் பட்டது. நீள்சதுரமாய், நடுவில் பள்ளம் விழுந்து, பாதியில் உடைந்த கல். துரை குனிந்து தொட்டுப் பார்த்தார். வாய்க்கால் நின்றது. முளைக்குச்சிகள் வந்தன, நூல் கட்டினார்கள், நிழலுக்குத் தார்ப்பாய் வந்தது. நான்கு ஆட்களுக்கு மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு கரண்டியும் வண்ணம் பூசும் தூரிகையும் கொடுத்தார்கள்.

அந்த மேட்டில் என்ன இருந்தது என்று அந்த நால்வருக்கும் தெரியும். ஐரோப்பாவில் பெரிய யுத்தம் முடிந்த வருடத்தில் உலகமெங்கும் வந்த காய்ச்சல் எங்கள் தோட்டத்துக்கும் வந்தது. அதற்கு முன் ஆட்கள் குடியிருந்த, அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட லயம் அங்கேதான் இருந்தது. பேர் மேட்டு லயம். காய்ச்சலுக்குப் பின் அதைக் கொளுத்திவிட்டுக் கீழே பலகை லயம் கட்டினார்கள். பிறகு தோட்டம் கை மாறியது, புதுக் கம்பெனி புது வரைபடம் போட்டது, அதில் மேட்டு லயம் இல்லை. வரைபடத்தில் இல்லாததால் துரைக்கு அது பூமியிலும் இல்லை.

“நீங்களாவது சொல்லியிருக்கலாமே?” என்று பின்னால் அந்த நால்வரில் ஒருவரைக் கேட்டேன்.

“தொரை கேக்கல மிஸ்ஸி.”

“கேட்டால்தான் சொல்வீர்களா?”

“மம்பட்டி தூக்கி வாய்க்கா வெட்டுறதும் ஒரு நாள் வேலைதான், நெழல்ல ஒக்காந்து மண்ணுக்குப் பொட்டு வைக்கிறதும் ஒரு நாள் வேலைதான். நீங்களா இருந்தா சொல்லுவீங்களா?”

அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஏனென்றால் நானும் சொல்லவில்லை. மேட்டு லயம் இருந்தது எனக்குத் தெரியாது என்பது உண்மை. ஆனால் எனக்குத் தெரிந்தவை வேறு இருந்தன.

துரை என்னைக் கூப்பிட்டனுப்பி, கிடைக்கும் பொருள்களைக் கழுவி, அளந்து, வரைந்து, பட்டியலிடும் வேலையைக் கொடுத்தார். ரத்தத் தகடுகள் முடிந்தபின் பிற்பகலில் அதைச் செய்யவேண்டும். ஆஸ்பத்திரியின் பின்னறையில், வடக்குச் சன்னலோரம் ஒரு நல்ல மேசை போட்டார்கள். அதுவரை எனக்கு வாய்த்தது பஞ்சு மூட்டைகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூல். அந்த மேசை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இதை எழுதிவைப்பது நியாயம்.

தினமும் துரை வந்து ஒவ்வொரு பொருளுக்கும் விளக்கம் சொல்வார். நான் எழுதவேண்டும். மூன்று கருகிய கற்கள்: ஆதி அடுப்பு. பானை ஓட்டுத் துண்டுகள்: குயவன் சக்கரம் தோன்றியபின். ஒரே வரிசையில், ஒரே இடைவெளியில், கம்பம் நட்ட குழிகள். இதில் அவர் தன்னை மறந்துவிட்டார். பத்தடிக்குப் பத்தடி அறைகள், எல்லாம் ஒரே அளவு, ஒன்றையொன்று ஒட்டி. எனவே இங்கே வாழ்ந்தது தனிச்சொத்து என்பதே தோன்றாத ஆதிச் சமுதாயம். ஒருவனுக்கு அதிகம் ஒருவனுக்குக் குறைவு என்ற எண்ணமே அவர்களுக்கு வரவில்லை. ஏதோ ஒரு மூத்தவரின் சொல்லுக்கு எல்லோரும் மனமுவந்து கட்டுப்பட்டு வாழ்ந்திருக்க வேண்டும். “தலைவனின் வீடு இங்கே இல்லை,” என்றார். “வேறெங்கோ, இதைவிட உயரமான இடத்தில் இருந்திருக்கும்.”

சன்னல் வழியாகப் பார்த்தால் அடுத்த குன்றின் மேல் பெரிய துரையின் பங்களா தெரியும். அவர் அந்தச் சன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார்.

உடைந்த கல்லின் அடியில் தோண்டியபோதுதான் அது கிடைத்தது. குழந்தையின் எலும்புகள். மண்டையோட்டின் மெல்லிய தகடுகள், கீழ்த்தாடை, சில விலா எலும்புகள். கூடவே ஒரு சிறிய கடற்சங்கு, இரண்டு கறுப்பு வளையங்கள். இடுப்பிருந்த பக்கத்து மண் கட்டியாக இறுகியிருந்ததால் அதை உடைக்காமல் அப்படியே துணி சுற்றி எடுத்துவந்தார்கள். துரை இதை வெளியே பேசக்கூடாது என்று நால்வருக்கும் கட்டளையிட்டார். ஆட்கள் பேய் பிசாசு என்று வேலைக்கு வராமல் போவார்களாம். அன்று மாலையே சிங்கப்பூர்க் காட்சிசாலைக்கு இப்படிக் கடிதம் எழுதினார்: கல்லைக் கவிழ்த்து மூடிப் புதைத்தது ஒரு சடங்கு. கறுப்பு வளையங்கள் கடைந்தெடுத்த கருங்கல். சங்கு எல்லாவற்றிலும் முக்கியம்: இங்கிருந்து பொந்தியான் கடற்கரை எத்தனை மைல்! உலோகம் அறியாத காலத்திலேயே கடலோரத்துக்கும் உள்நாட்டுக்கும் வணிகம் நடந்ததற்குச் சாட்சி.

இனி எனக்குத் தெரிந்தவை. ஜோகூர் மண் புளித்த மண்; எலும்பை அது ஆயிரக்கணக்கான வருடம் விட்டுவைக்காது. இந்த எலும்பு நனைந்த ரொட்டிபோல இருந்தாலும் எலும்பாகவே இருந்தது, அதுவும் சங்கின் சுண்ணாம்பு பட்ட பக்கத்தில்தான். இது ஒன்று. கறுப்பு வளையத்தை நுண்ணோக்கியில் வைத்தேன். உள்ளே குட்டிக் குட்டிக் காற்றுக் குமிழிகள். கல்லில் குமிழி இருக்காது, கண்ணாடியில் இருக்கும். இது இரண்டு. கண்ணாடி வளையல் எந்தக் காலத்தது என்று என் மணிக்கட்டுகளே சொல்லும். இது மூன்று.

நான் என்ன செய்தேன்? பதினெட்டாவது இலக்கம் போட்டு, ‘குழந்தையின் எலும்புகள், கீழ்த்தாடையில் பற்கள் இரண்டு, கருநிற வளையம் இரண்டு, சங்கு ஒன்று’ என்று எழுதினேன். கல் என்றும் எழுதவில்லை, கண்ணாடி என்றும் எழுதவில்லை. பொய் இல்லாத வாக்கியம் எழுதிவிட்ட பெருமையோடு மை ஒற்றினேன். ஒன்பது நாள் அப்படியே இருந்தேன். துரையை ஏளனம் செய்ய எனக்கு எவ்வளவு உரிமை இருக்கிறதோ, அந்த ஒன்பது நாட்களில் என்னை ஏளனம் செய்யவும் அவ்வளவு இடம் இருந்தது.

பத்தாம் நாள் ஐந்தாம் வயல் ஆட்களுக்கு ரத்தம் எடுக்கும் முறை. பால்வெட்டுக்காரி கடைசியாக வந்தாள். விரலை நீட்டிக்கொண்டே, “குத்துங்க மிஸ்ஸி. கொசு குடிச்ச மிச்சம் எதாச்சும் இருந்தா எடுத்துக்குங்க,” என்றாள். குத்தினேன். தகடு எடுக்கப் பின்னறைக்குப் போனேன். அவள் விரலைச் சப்பிக்கொண்டே என் பின்னால் வந்துவிட்டாள். மேசையில் பஞ்சின் மேல் சங்கு காய்ந்துகொண்டிருந்தது.

அவள் நின்றுவிட்டாள். விரலை வாயிலிருந்து எடுக்கவில்லை.

“இது எங்க கெடச்சுது?” என்றாள்.

“மேட்டில்.”

“மேட்டுல எங்க? பலாமரத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?”

“அங்கே பலாமரம் எதுவும் இல்லையே அக்கா.”

“வெட்டிட்டாங்களா?” அவள் சுவரில் கைவைத்துக்கொண்டாள். “மரத்த வெட்டிட்டாங்களா! அதான் எனக்கு எடம் தெரியல. நூல் கட்டுனப்பவே ஓடியாந்து பாத்தேன். எம்புள்ள அந்தண்ட இருக்குன்னு நெனச்சு போயிட்டேன்.”

நான் நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை. எலும்புகள் இருந்த தகரப் பெட்டி மூடியிருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை, பெட்டி என்னவென்றும் அவளுக்குத் தெரியாது. எனக்குள் இருந்த பயிற்சி பெற்றவள் அப்போதுதான் விழித்தாள். எதையும் காட்டாமல் காகிதம் எடுத்து, “பிள்ளையோடு என்னென்ன வைத்தீர்கள் அக்கா? ஒன்றுவிடாமல் சொல்லுங்கள்,” என்றேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். ஓர் இலக்கத்துக்கு ஒரு விரல் மடக்கினாள்.

“மேல அம்மி. பாதி அம்மி. என் கல்யாணத்துக்கு வாங்குனது, லயத்துல எறக்கறப்பவே ஒடஞ்சுபோச்சு. காட்டுப்பன்னி தோண்டிரும்னு எம்புருசன் தூக்கியாந்து கவுத்து வச்சாரு. அப்பறம் சங்கு, அதுலதான் பாலு குடுப்பேன், மொனையில கொஞ்சம் ஒடஞ்சிருக்கும், பாருங்க. கையில கறுப்பு வளையலு ரெண்டு. கண்ணு படக்கூடாதுன்னு போட்டது. பட்டுதான் போச்சு. இடுப்புல கயித்துல தாயத்து, செம்புல. மூடி ஒரு பக்கம் நசுங்கியிருக்கும், நான்தான் மிதிச்சுட்டேன்.” அடுத்த விரலை மடக்கவில்லை. “பல்லு ரெண்டு. கீழ. அத நாங்க வைக்கல.”

என் பட்டியலை எடுத்து அவள் சொன்னதன் பக்கத்தில் வைத்தேன். தாயத்தைத் தவிர எல்லாம் பொருந்தின. துணி சுற்றிய மண் கட்டியை நினைத்துக்கொண்டேன். ஆனால் தனியாக உடைக்கவில்லை. சாட்சியோடு உடைக்கவேண்டும் என்று தோன்றியது. அவளிடம் தகரப் பெட்டியைத் திறந்து காட்டினேன். அவள் உள்ளே கைவிடவில்லை. முந்தானையைப் பெட்டியின் மேல் போட்டு மூடினாள், வெளிச்சம் படுவது பிடிக்காதவள்போல.

“எனக்குக் குடுத்துருங்க மிஸ்ஸி. நான் மண்ணுல வச்சிருறேன். வேற ஒண்ணும் வேணாம்.”

பெட்டி வியாழக்கிழமை ரயிலில் சிங்கப்பூர் போவதாக இருந்தது. அன்று செவ்வாய்.

மேட்டுக்குப் போனோம். நான் மண் கட்டியைத் தூக்கிக்கொண்டேன். அவள் தகரப் பெட்டியை யாரிடமும் கொடுக்கவில்லை. தார்ப்பாய் நிழலில் துரை அளந்துகொண்டிருந்தார், கிராணியார் நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் இங்கிலீஷில், இலக்கமிட்டு, நிதானமாகச் சொன்னேன். எனக்கு வேறு எப்படியும் சொல்லத் தெரியாது.

துரை சிரித்தார். கூலிப் பெண்கள் எதையும் தங்களுடையது என்பார்கள். சென்ற மாதம் பங்களாவின் கோழியையும் அப்படித்தான் ஒருத்தி சொன்னாள். மேலும், கருணையாக எனக்கு விளக்கினார், பிள்ளையைப் புதைத்திருப்பதில் உள்ள அக்கறையைப் பார். இவ்வளவு மென்மையாகப் பிள்ளையைப் புதைத்த மக்கள் நான்காம் படியில் இருந்தவர்கள். இந்த லயத்து ஜனங்கள் அப்படி எதையும் உணர்வதாக அவர் பார்த்ததில்லை.

அவர் பார்த்ததில்லை என்பது உண்மைதான். அவர் லயத்துக்கு வந்ததே ஒரே முறை, சுண்ணாம்பு அடித்தாயிற்றா என்று பார்க்க.

நான் மண் கட்டியைப் பலகையில் வைத்துத் துணியைப் பிரித்தேன். “இவள் சொல்வது உண்மையானால் இதற்குள் ஒரு செம்புத் தாயத்து இருக்கவேண்டும். மூடி ஒரு பக்கம் நசுங்கியிருக்கவேண்டும்,” என்றேன். ஊசியும் தூரிகையுமாகக் கால் மணி நேரம். பச்சை பிடித்த சின்னக் குழாய் ஒன்று வெளியே வந்தது. மூடி நசுங்கியிருந்தது.

இதற்குமேல் என்ன வேண்டும் என்று நான் நினைத்தேன். எனக்கு வயது இருபத்து மூன்று. கையிலுள்ள கொள்கையை விட்டுவிட மனிதர்களுக்கு எவ்வளவு வலிக்கும் என்று தெரியாது. துரை தாயத்தை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார். முகம் மலர்ந்தது.

“செம்பு!” என்றார். “இது கற்காலம் இல்லை. நாம் நினைத்ததைவிட முன்னேறியவர்கள். செப்புக் காலம்!”

கிராணியார் இதை மெதுவாகத் தமிழில் சொன்னார். சொல்லும்போது தரையைப் பார்த்தார்.

பால்வெட்டுக்காரி துரையை ஏற இறங்கப் பார்த்தாள். “செப்புக் காலமும் இல்ல, பித்தளக் காலமும் இல்ல தொரை. குளுவாங் கடத்தெருவு. தாயத்து விக்கிறவரு இப்பக்கூட அங்கதான் இருக்காரு, காது கேக்காது, போயி கத்திக் கேட்டுப் பாருங்க.”

நான் அதை இங்கிலீஷில் சொன்னேன். துரை இதற்கும் அசரவில்லை. அப்படியானால் ஆதிகாலத்து நம்பிக்கையை இந்த ஜனங்கள் இன்றுவரை மாறாமல் வைத்திருக்கிறார்கள், இதையும் கட்டுரையில் சேர்க்கவேண்டும் என்றார். என்னிடம் ஒரு வரி சேர்த்துக்கொள்ளச் சொன்னார். அவளிடம் அவருக்குத் தெரிந்த தமிழில், “பெட்டி வை. வேலைக்குப் போ,” என்றார்.

அவள் வைக்கவில்லை. கிராணியார்தான் பக்கத்தில் வந்து, “வச்சிட்டுப் போம்மா. அடுத்த கப்பல் லிஸ்டு என் மேசையிலதான் இருக்கு. ஒன் பேரு வந்துரும்மா,” என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அவருக்குக் கெட்ட எண்ணம் இருந்ததாகச் சொல்லமாட்டேன். நல்ல எண்ணம் இருந்தும் அவர் சொன்னது அவ்வளவுதான். அவள் என்னைப் பார்த்தாள். பெட்டியை என் கையில் கொடுத்தாள், துரையின் பலகையில் வைக்கவில்லை. இறங்கிப் போனாள்.

அன்று பிற்பகலே மருந்தறை அலமாரியின் அடித்தட்டைக் குடைந்தேன். தோட்டம் கை மாறியபோது வரைபடத்தை மாற்றினார்கள். பழைய பதிவேடுகளைத் தூக்கிப்போட யாருக்கும் சோம்பல். பூச்சி அரித்த இறப்புப் பதிவேடு கிடைத்தது. காய்ச்சல் வருடத்துப் பக்கங்கள் மட்டும் தடிமனாக இருந்தன. ஒரு மாதத்தில் அத்தனை வரிகள்; எழுதியவரின் கையெழுத்து போகப் போகச் சரிந்துகொண்டே போய், ஓரிடத்தில் வேறு கையெழுத்தாகிறது. அந்த இரண்டாம் கையெழுத்தில் இருந்தது: ‘மேட்டு லயம், ஏழாம் அறை. பெண். எட்டு மாதம். காய்ச்சல். லயத்தருகே புதைக்கப்பட்டது.’ பேர் இல்லை. எந்த வரியிலும் பேர் இல்லை, அறை இலக்கம்தான். களிமண் பலகையில் பட்டியல் போட்டவர்களும் இப்படித்தான் எழுதியிருப்பார்கள். எழுத்து கண்டுபிடித்தது நாகரிகம் என்றால், அது இந்த ஏழாம் அறை வரையிலும் வந்திருந்தது.

நான் ஓர் அறிக்கை எழுதினேன். பொருள்: தோட்டத்துப் பதிவேட்டில் பதியப்பட்ட இறந்தவரின் உடல், அனுமதியின்றித் தோண்டி எடுக்கப்பட்டது குறித்து. பதிவேட்டு வரியின் நகலை இணைத்தேன். புதைத்த உடலைத் தோண்ட அரசாங்கத்தின் அனுமதி தேவை என்றும், தோட்டத்தைப் பார்வையிட வரும் அரசாங்க டாக்டருக்கு இதைத் தெரிவிப்பது ஆஸ்பத்திரி ஊழியரின் கடமை என்றும் எழுதினேன். சட்டம் சரியாக என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரிந்தவள்போல எழுதினேன், அதுவும் ஒரு பயிற்சிதான். இரண்டு பிரதிகள். ஒன்றின் தலையில் துரையின் பதவி, இன்னொன்றில் டாக்டரின் பதவி. துரையின் பிரதியைப் புதன்கிழமை காலை நானே கொண்டுபோய்க் கொடுத்து, மற்றது பகல் தபாலில் போகும் என்றேன்.

அவர் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். அந்தப் பெண் சொன்னபோது சிரித்தவர், மண்ணுக்குள்ளிருந்து தாயத்து வெளியே வந்தபோது மகிழ்ந்தவர், கோடு போட்ட தாளில் மேட்டு லயம் என்று பார்த்தவுடன் நம்பிவிட்டார். முகம் சிவந்தது. “நீ ஒரு நல்ல கட்டுரையைக் கெடுத்துவிட்டாய்,” என்றார். குழந்தையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியை எடுத்துப்போகலாம், சங்கும் அம்மியும் இருக்கட்டும், அவை ஒருவேளை உண்மையிலேயே பழையவையாக இருந்து, இந்த ஜனங்கள் எடுத்துப் புழங்கியிருக்கலாம் என்றார்.

பால்வெட்டுக்காரியிடம் போய்ச் சொன்னேன். “அம்மிய வச்சுக்கச் சொல்லுங்க. ஒடஞ்சதுதான,” என்றாள். “சங்கு வேணும். அது பசிக்கு.”

சங்கையும் கொடுத்தார். இரண்டாவது பிரதி என் கையில் இருந்தவரை அவர் எதையும் கொடுத்திருப்பார்.

வியாழக்கிழமை வெட்டிய பாலை எடை போட்டுக் கொடுத்துவிட்டு அவள் நேரே மேட்டுக்கு வந்தாள். முகம் கழுவி, தலையில் எண்ணெய் தடவியிருந்தாள். துரை வரவில்லை. நால்வரும் நூலை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். மறுநாளிலிருந்து மறுபடியும் வாய்க்கால். “இன்னும் ஒரு வாரம் கழிச்சு அந்தப் பொஸ்தகத்தக் கண்டுபுடிச்சிருக்கக் கூடாதா மிஸ்ஸி?” என்றார் ஒருவர். அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அவள் குழியின் ஓரத்தில் நின்று உள்ளே பார்த்தாள். நான்கு பக்கமும் செங்குத்தாய், அடி சமமாய், மூலைகள் கத்தி வைத்து அறுத்ததுபோல இருந்தன.

“நூல் புடிச்சு வெட்டியிருக்கானுங்க,” என்றாள். “எம்புருசனுக்குக்கூட இப்படி வெட்டல. அவருக்கு மூணடி, அதுவும் கோணல். செத்து இத்தன வருசமாகி தொரை மனசு வச்சாத்தான் நமக்கு ஒழுங்கா ஒரு குழி கெடைக்கும் போல.” பிறகு நால்வரையும் பார்த்து, “என்ன பாக்குறீங்க? என்னைய எறக்கி விடுங்க,” என்றாள்.

இறங்கினாள். பெட்டியிலிருந்து முந்தானையில் எடுத்து, முந்தானையிலிருந்து மண்ணில் வைத்தாள். வளையல், தாயத்து, சங்கு. அவள் விரல் மடக்கிச் சொன்ன வரிசையிலேயே வைத்தாள். பக்கத்தில் நான் பட்டியலோடு நின்றேன், சரிபார்க்கிறவளைப்போல; கைகளை வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. மேலே ஏறி வந்து, “மூடுங்க,” என்றாள். அம்மிக்குப் பதிலாக, அந்த நால்வரில் ஒருவர் வாய்க்காலுக்கு வைத்திருந்த பெரிய கருங்கல்லைப் புரட்டிக்கொண்டுவந்து போட்டார். அவள் அதைக் காலால் ஆட்டிப் பார்த்தாள். ஆடவில்லை.

“அதுல எம்புள்ள இன்னும் இருக்கா?” என்று என் கையிலிருந்த நோட்டைக் காட்டிக் கேட்டாள்.

இருந்தது. பதினெட்டாவது இலக்கம். நான் பேனாவை எடுத்து அந்த வரியின் மேல் ஒற்றைக் கோடு போட்டேன். ஆய்வுக்கூடத்தில் அப்படித்தான் அடிக்கவேண்டும். அடித்ததையும் பிறகு வாசிக்க முடியவேண்டும் என்பது விதி. அவள் குனிந்து, முகத்தைப் பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது.

“இன்னும் படிக்கலாம் போல இருக்கே,” என்றாள்.

அந்த வரி முழுதும் கறுப்பாகும்வரை அடித்தேன். தாள் ஓரிடத்தில் கிழிந்தது. அவள் போதும் என்றபின்தான் நிறுத்தினேன்.